குளிரில் ஓடும் முட்டுக்காரர்களின் நன்றி மடல்

அன்புடையீர்,

ஹமில்ரன் நகரில் ஆண்டுதோறும் மார்ச் கடைசியில் நடக்கும் ‘அரவுண்ட் த பே’ 30 கிலோமீற்றர் ஓட்டத்துக்காக ஸ்காபரோவில் பயிற்சி எடுப்பவர்களில், முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்களும் தூசியோ பூந்தாதோ ஒத்துக்கொள்ளாதவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. 1894இல் தொடங்கிய ஓட்டம் அது. பொஸ்ரன் மரதனுக்கே மூன்று வயது மூத்தது. மார்ச்சில் ஓட வேண்டுமென்றால் நீண்ட பயிற்சிகள் எல்லாம் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்து விழும். முட்டுக்காரருக்கு ஆண்டிலேயே மோசமான இரண்டு மாதங்கள் அவை. அவற்றைக் கடக்க உதவியவர்கள் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஆளைச் சொல்லாமல் அவர்கள் கற்றுத்தந்ததைச் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி சுவாசச் சிகிச்சையாளருக்கு. குளிரைவிட வறட்சிதான் பெரிய எதிரி என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் நீங்கள். உடம்புச் சூடான 37 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 44 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 10 பாகையில் அதே காற்று 2 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சத்தை மூச்சுக்குழாய் தன் உள்சுவரிலிருந்து கொடுத்தாக வேண்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றுத்தான் போகிறது. அதை மூக்கே சூடாக்கி நனைத்துவிடும். வேகமாக ஓடினால் 80, 100 லீற்றர் என்று ஏறும், அதுவும் வாய்வழியாக. சுவரிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் வற்ற வற்ற, மிஞ்சுவதில் உப்புச் செறிவு கூடுகிறது. அது ஒவ்வாமையில் வேலைசெய்யும் மாஸ்ட் கலங்களைக் கிளறி ஹிஸ்டமின், லூகோட்ரையீன் என்ற இரசாயனங்களை வெளியேற்ற, குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. ஓடி நின்றபின் 5 முதல் 15 நிமிடத்துக்குள் இழுப்பு உச்சத்துக்கு வந்து, பெரும்பாலும் ஒன்றரை மணிக்குள் தானே தணிவது இதனால்தான்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு பழக்கங்கள் மாறின. காற்றின் வேகத்தைச் சேர்த்துச் சொல்லும் ‘விண்ட் சில்’ எண் தோலுக்கு உரியது. காதும் விரலும் விறைக்குமா என்று அது சொல்லும்; நுரையீரலுக்குப் பார்க்க வேண்டியது காற்றின் உண்மையான வெப்பநிலை. கனடாச் சுற்றுச்சூழல் துறை இரண்டையும் தனித்தனியாகவே தருகிறது. அடுத்தது, உள்ளே ட்ரெட்மில்லில் ஓடினால் தப்பிவிடலாம் என்ற எண்ணம். மைனஸ் 10 பாகைக் காற்றை உள்ளே இழுத்து 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 12 சதவீதமளவுக்கு இறங்கிவிடும். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் முழுவேகத்தில் ஓடும் பேஸ்மென்டில், வெளியே வந்த அதே இழுப்பு வந்தால் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

முகத்துணி வேலை செய்வதும் இதே காரணத்தால்தான். வெளிமூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து அடுத்த உள்மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மெல்லிய பொலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ போதும். பருத்தி வேண்டாம், நனைந்தால் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓட ஓடத் துணி ஈரமாகி வெளிப்பக்கம் பனி பிடிக்கும், மூச்சு இழுக்கவே பாரமாகும். ஆகவே இரண்டாவது துணி ஒன்று ஜக்கெட்டின் உள்ளே, வயிற்றுச் சூட்டோடு இருக்க வேண்டும். வாசனை போட்ட சலவைத்தூளில் துவைத்த துணியை மூக்கோடு கட்டிக்கொண்டு இரண்டு மணிநேரம் ஓடுவது வினையை விலைக்கு வாங்குவது. மைனஸ் 10 வரை துணியோடு மென்னோட்டம், மைனஸ் 15க்குக் கீழே வேகப்பயிற்சி கிடையாது, மைனஸ் 20க்குக் கீழே வெளியே ஓட்டமே கிடையாது என்று நீங்கள் எழுதித் தந்த எல்லையை அப்படியே வைத்திருக்கிறோம். நெடுந்தூரப் பனிச்சறுக்கில் பழகிய வீரர்களின் போட்டிகளையே சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் மைனஸ் 20க்குக் கீழே ஒத்திவைக்கவோ நிறுத்தவோ செய்கிறது. நாங்கள் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை.

குடும்ப வைத்தியருக்கு: ‘முட்டு’ என்று நாங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு பம் (மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்துக் குப்பி) கொடுத்து அனுப்பாமல் சோதித்துப் பார்த்ததற்கு நன்றி. ஆறுதலாக இருந்து ஊதும் சோதனை, ஓட்டக்காரர் பலருக்குச் சுத்தமாகவே வரும். 6 முதல் 8 நிமிடம் கடுமையாக ஓடவிட்டு, நின்றபின் 5, 10, 15, 30ஆவது நிமிடங்களில் ஊதச் சொல்ல வேண்டும். முதல் செக்கனில் வெளிவரும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால்தான் ஓட்டத்தால் வரும் முட்டு என்று பெயர். சிலருக்கு இது முட்டே இல்லை, குரல்வளை ஒடுங்குகிறது என்று கண்டதும் நீங்கள்தான். அதற்கு அடையாளங்கள் உண்டு: மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம், நெஞ்சில் இல்லாமல் தொண்டையில் இறுக்கம், ஓட்டத்தின் உச்சத்தில் வந்து, நின்ற சில நிமிடங்களிலேயே போய்விடும், பம் அடித்தாலும் மாற்றம் இராது. இவர்களுக்கு வேண்டியது பேச்சு, சுவாசப் பயிற்சி. பம்மைக் கூட்டிக்கொண்டே போனால் கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும்தான் மிச்சம்.

இழுப்பை உடனே தணிக்கும் சல்பியூட்டமோல் மருந்துள்ள நீலப் பம்மை மட்டும் நம்பியிருக்க விடாததற்கும் நன்றி. உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல், ஸ்டீரோயிட் இல்லாமல் சல்பியூட்டமோல் மட்டும் எடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. ஓட்டத்துக்கு 15 நிமிடம் முன் இரண்டு அடி எடுத்தால் 2 முதல் 4 மணிநேரம் காக்கும் என்பது சரி. ஆனால் நாள்தோறும் அப்படியே எடுத்தால் காப்பு குறைந்துகொண்டே போகும். வீக்கத்தை அடக்குவது ஒழுங்காக எடுக்கும் ஸ்டீரோயிட் பம்தான், அதன் பலன் தெரியச் சில கிழமைகள் பிடிக்கும். நவம்பரில் தொடங்காமல் ஜனவரியில் தவித்தால் பம்மில் பிழை சொல்ல முடியாது. முட்டுக்கான மொண்டெலுகாஸ்ட் குளிசை கேட்டவர்களிடம், மனநிலை மாற்றம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2020இல் கடும் எச்சரிக்கை சேர்த்ததைச் சொல்லி, வீட்டாரையும் கவனிக்கச் சொன்னீர்கள்.

மருந்தாளருக்குத்தான் எங்கள் கடன் கூட. பம் அடிக்கத் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் அடித்தவர்களை வரிசையில் நிறுத்தித் திருத்தினீர்கள். குலுக்க வேண்டும், மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும், அமுக்கிக்கொண்டே 3 முதல் 5 செக்கன் மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும், 10 செக்கன் பிடிக்க வேண்டும், அடுத்த அடிக்கு முன் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். சுழற்றி எடுக்கும் தூள் மருந்துக்கு நேர்மாறு: ஒரே வேகத்தில், பலமாக, ஆழமாக இழுக்காவிட்டால் தூள் தொண்டையிலேயே நின்றுவிடும், அதற்குள்ளே ஊதினால் ஈரம் பட்டுக் கட்டியாகும். ஸ்டீரோயிட் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

குளிரில் பம் ஏன் ஏமாற்றுகிறது என்று விளக்கியதும் நீங்களே. குப்பிக்குள் மருந்தைத் தள்ளும் வாயுவின் அழுத்தம் குளிரில் இறங்கிவிடும். ஜக்கெட்டின் வெளிப்பையிலோ இடுப்புப் பட்டியிலோ இருந்த பம், அமுக்கினால் சத்தம் போடும், மருந்தோ குறைவாகத்தான் வரும். இடம் உள்சட்டையின் நெஞ்சுப் பை. இரவு முழுக்கக் காரில் விட்டதை நம்பி ஓடக்கூடாது. இரண்டு கிழமை பாவிக்காமல் கிடந்தாலோ கீழே விழுந்தாலோ, உறையில் எழுதியபடி காற்றில் சில அடி அடித்துப் பார்க்க வேண்டும். குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீதியை மதிப்பிடும் பழைய வித்தை செல்லாது. எண் காட்டியைப் பாருங்கள்.

ஓட்டத்துக்கு முன், கால்வலியை 'முன்கூட்டியே' அடக்க இபுபுரோஃபென் விழுங்குவோர் பலர். மூக்கில் சதை வளர்ந்த முட்டுக்காரருக்கு அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கடும் இழுப்பைக் கொண்டுவரலாம் என்று மறித்தீர்கள். தடிமனுக்கு வாங்கும் சூடோஎபெட்ரின் போட்டி நாளில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வரும். சல்பியூட்டமோலுக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் வரம்பு 24 மணிநேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணிநேரத்திலும் 600க்கு மேல் போகக்கூடாது. 100 மைக்ரோகிராம் பம்மில் அது 8 மணிநேரத்துக்கு ஆறு அடி. அதே வகை மருந்தான டெர்பியூட்டலினுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். எங்களைப் போன்ற நடுவரிசைக்காரரை யார் சோதிக்கப் போகிறார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் கணக்கு வைத்தவருக்கே, ஒரு நாளில் ஆறு அடி தேவைப்படுகிறது என்றால் முட்டு கட்டுப்பாட்டில் இல்லை என்பது தெரியவரும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இந்த வரம்பு எதையும் பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னீர்கள்.

சமூக நிலைய ஊழியர்களுக்கு, கதவை முன்னதாகத் திறந்து நடைவழியில் உடம்பைச் சூடாக்க விட்டதற்கு நன்றி. அது சொகுசுக்காக அல்ல. 10 முதல் 15 நிமிட மென்னோட்டம், பிறகு 30 செக்கன் வேக ஓட்டம் ஆறு முதல் எட்டு, இடையிடையே ஒரு நிமிட நடை. இப்படிச் செய்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஒன்று முதல் மூன்று மணிநேரம் மூச்சுக்குழாய் அவ்வளவாக இறுகாது. மீதிப் பாதிக்கு இது பயன்படாது. அவர்கள் பம்மோடுதான் கிளம்ப வேண்டும். ஐஸ் அரங்கைச் சுற்றிய ஓடுபாதையைத் தரும்போது, ஐஸை மட்டப்படுத்தும் வண்டி எரிவாயுவில் ஓடுகிறதா மின்சாரத்திலா என்று கேட்டுச் சொன்ன ஊழியருக்குத் தனி நன்றி. எரிவாயு வண்டி விடும் நைட்ரஜன் டைஒக்சைட் மூடிய அரங்கில் தேங்கும்.

வீட்டாருக்கு என்ன சொல்ல! நீண்ட ஓட்டத்துக்கு முதல்நாள் தூளுக்கு மிளகாய் வறுப்பதைத் தள்ளிவைத்த அம்மாக்களுக்குப் பெரிய கும்பிடு. அந்தக் காறல் ஒவ்வாமை இல்லை, ஆனாலும் சிவந்திருக்கும் மூச்சுக்குழாய்க்கு அது போதும். குளிர்காலத்தில் பூந்தாது இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு மெத்தையிலும் தலையணையிலும் தூசிப்பூச்சி காத்திருந்தது. பூச்சி புகாத உறை, கிழமைக்கொருமுறை 60 பாகைச் சுடுதண்ணீரில் விரிப்பு, ஃபேர்னஸ் வடிகட்டியைத் தவறாமல் மாற்றல், இவையெல்லாம் உங்கள் கைவேலை. ஈரப்பதமூட்டியை 30 முதல் 40 சதவீதத்தில் நிறுத்தச் சொன்னதில் முறுகல் வந்தது உண்மை. அதற்கு மேல் போனால் யன்னலில் தண்ணீர் வடிந்து பூஞ்சை பிடிக்கும், 50ஐத் தாண்டினால் தூசிப்பூச்சிக்குக் கொண்டாட்டம்.

ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குப் பாதையைப் பார்த்து வந்து சொன்ன மூத்த ஓட்டக்காரர்களுக்கும் நன்றி. காற்று மறைப்புள்ள அருமையான பாதை. ஆனால் பனி உருகும் மார்ச்சில் அதன் அடியில் கிடந்த இலைச்சருகும் புல்லும் பூஞ்சையோடு வெளிவரும், கூடவே எல்ம், ஓல்டர் மரங்களின் பூந்தாதும் தொடங்கிவிடும். போட்டிக்கு ஒன்றிரண்டு கிழமை முன்னரே மூக்கு ஸ்ப்ரே தொடங்க வேண்டும் என்பது அதனால்தான். வலது மூக்குக்கு இடது கையால், நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கமாக அடித்தால் இரத்தம் கசியாது. பலமாக உறிஞ்சினால் மருந்து வயிற்றுக்குத்தான் போகும்.

போட்டி நாளில் வழிநெடுக நின்ற உதவியாளர்களே, நீங்கள் பழகிவைத்திருந்த ஒழுங்கை இங்கே பதிந்துவைக்கிறோம். இழுப்பு வந்தவரைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி இருத்துங்கள். ஸ்பேசரில் (பம்மோடு பொருத்தி மூச்சிழுக்கும் குழாயில்) ஒரு அடி, நான்கு மூச்சு. இப்படி நான்கு அடி. நான்கு நிமிடம் பாருங்கள். தணியாவிட்டால் 911ஐ அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாதவர், உதடு நீலமானவர் என்றால் நான்கு நிமிடமும் பொறுக்காமல் முதலிலேயே அழையுங்கள். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், வாந்தி சேர்ந்து வந்தால் அது வெறும் முட்டாக இராது. அவர் எபிபென் (கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி) வைத்திருந்தால் தொடையில் அதுதான் முதலில்.

முடிவுக்கோட்டில் கார் ஹீட்டரை உச்சத்தில் வைக்காமல் காத்திருந்த சாரதிகளுக்கும் கடைசியாக நன்றி. 10 நிமிடம் மெல்ல நடந்து மூச்சு ஆறியபின் ஏறுகிறோம், திட்டாதீர்கள். உங்கள் பின் இருக்கையில் மஞ்சள் மூடியுள்ள ஸ்பேசர் ஒன்று கிடந்தால் எடுத்துவையுங்கள், உரியவர் இன்னும் தேடுகிறார்.

அன்புடன்,
குளிர்கால நெடுந்தூர ஓட்டக்காரர்கள்
ஸ்காபரோ, ரொறன்ரோ