ரேஷன் கடையில் ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும்

ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்மணியைப் பத்தே நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மறுத்ததும் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அவருடைய மகள் எங்கள் திண்ணையில் அமர்ந்துதான் தேர்வுக்குப் படித்தாள்.

2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழக வாடகைச் சட்டம் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது என்கிறது. ஆனால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாததைக் காட்டியே வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கோரவும் அதே சட்டம் இடம் தருகிறது. வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருக்கும் ஏழைகள் வழக்கறிஞர் இல்லாமல் என்ன செய்வார்கள்?

அந்த வழக்கறிஞரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே நியமிக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமான வரம்பும் இல்லை. கெடிலமும் பெண்ணையாறும் கரைபுரளும் கடலூரில் இதில் அடங்காத ஏழைக் குடும்பம் அரிது. ஆனாலும் 15100 என்ற உதவி எண் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் உடனே முன்வர வேண்டும்.

ஒரு வாசகி,
கடலூர்