உனக்கு ஏறாது என்கிறாயே

அன்புள்ள கதிர்,

போன மாதம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், மொட்டை மாடியில் நீ அத்தான்களோடு உட்கார்ந்திருந்தபோது நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்க நிற்கவில்லை, முட்டிவலி, பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். "நாலு ரவுண்டு போனாலும் எனக்கு ஏறாதுடா, நான் ஸ்டெடி" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் மேலே வராமல் இறங்கிவிட்டேன். உன் வயதில் இதே பேச்சை இதே பெருமையோடு நானும் பேசியிருக்கிறேன்.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். குடிக்காதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. உனக்கு ஏறாமல் இருக்கிறதே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

அமெரிக்காவில் சான் டியேகோவில் மார்க் ஷக்கிட் என்று ஒரு மனநல மருத்துவர். குடிநோயாளிகளின் மகன்களை, இருபதை ஒட்டிய வயதில், அழைத்து உட்காரவைத்து அளந்து மது கொடுத்தார். எவ்வளவு போதை தெரிகிறது என்று கேட்டார், நிற்கவைத்து உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார். ஏறத்தாழ பத்து வருஷம் கழித்து அவர்களையே தேடிப் பிடித்து, 1994-இல் முடிவை வெளியிட்டார். அன்று அதிகம் ஏறாமல் ஸ்டெடியாக நின்ற மகன்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். நன்றாக ஏறித் தள்ளாடியவர்களில் அது 14 சதவீதம்தான். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ யாருடைய மகன் என்பது எனக்குத் தெரியுமே.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. இரண்டாவது ரவுண்டிலேயே தலை சுற்றுகிறவன் கிளாஸைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவான். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கிறுகிறுப்பு வருவதில்லை, நான்கு ஐந்து என்று போகும். ஏறவில்லை என்பதால் ரத்தத்தில் கலக்கும் மது ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. போலீஸ்காரர் ஊதச் சொல்லும் மெஷினுக்கு ஸ்டெடியும் தெரியாது, தள்ளாட்டமும் தெரியாது. ஈரலுக்கும் அப்படித்தான். குடிநோய் வருவதில் ஏறக்குறைய பாதி பரம்பரை என்கிறார்கள். ஒரே ஒரு ஜீன் என்று இல்லை, பல சேர்ந்து செய்கிற வேலை.

இதில் பெரிய கூத்து, நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்திய விலங்கியல் வாத்தியார். நரம்பு செல்லைப் படம் போட்டுப் பாகம் குறித்துவிட்டு, சாயங்காலம் அதே கையில் குவாட்டர் வாங்கியவன். அந்தப் படத்தில் ஏற்பி என்று ஒன்றைக் குறிப்போம், டாக்டர்கள் ரிசப்டர் என்கிறார்கள். நம் வயலுக்கு மடை இருக்கிறதல்லவா, அப்படி வைத்துக்கொள். மூளையில் காபா என்று ஒரு பொருள், அதன் மடை திறந்தால் செல் அமைதியாகும். குளூட்டமேட் என்று இன்னொன்று, அதன் மடை திறந்தால் செல் பரபரப்பாகும். மது முதல் மடையை இன்னும் அகலத் திறந்துவிடுகிறது, இரண்டாவதன் ஒரு வகையை அடைக்கிறது. அதனால்தான் குடித்ததும் ஒரு நிம்மதி.

தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? அமைதி மடைகள் மந்தமாகிவிடும். பரபரப்பு மடைகளை அது புதிதாக வெட்டிக்கொள்ளும். அப்புறம் சரக்கு உள்ளே போனால்தான் வயல் சமநிலைக்கு வரும். காலையில் கை நடுங்கும், ஒரு கட்டிங் போட்டால் நிற்கும். உன் அம்மா காபி டம்ளரைப் பாதிதான் நிரப்பித் தருவாள், சிந்தும் என்று. அவள் ஒன்றும் சொன்னதில்லை.

2012 கார்த்திகையில் நானே வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. மறுநாள் ராத்திரி வலிப்பு. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகக் கத்தினேன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி உன்னைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினோம். அது காமாலை இல்லை கதிர். பரபரப்பு மடைகளை அடைத்துக்கொண்டிருந்த மது போனதும் வெட்டி வைத்த மடையெல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்ட வெள்ளம். உயிரே போகக்கூடியது. ஆஸ்பத்திரியில் டயஸிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைப் போட்டு, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போட்டு மீட்டார்கள். டயஸிபாமும் அதே காபா ஏற்பியில்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னபோது, பாடத்தில் இருந்ததை மாணவன் போலக் கேட்டுக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. நடுக்கம் போனது, ஆசை போகவில்லை. மது உள்ளே போனால் மூளை தானாகவே எண்டார்பின் என்ற சுகம் தரும் பொருளைச் சுரக்கிறது. அது போய் உட்காரும் ஏற்பியில்தான் அபினும் மார்பினும் உட்காருகின்றன. நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை அங்கே முன்னமே இடம்பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும், பஸ்ஸில் துண்டு போட்ட மாதிரி. 1994-இன் கடைசியில் அமெரிக்காவில் குடிநோய்க்கு அதை அனுமதித்தார்கள். ஈரல் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு எனக்குத் தினம் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். நடுவில் இரண்டு முறை சறுக்கினேன், உன் அம்மாவுக்கு ஒரு முறைதான் தெரியும். அந்த இரண்டு முறையும் குடித்தேன், ஆனால் ருசிக்கவில்லை. சப்பென்று இருந்தது. எல்லோருக்கும் இது இப்படிக் கேட்காது. எனக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

உன் அறைத்தோழன் முதுகுவலிக்கென்று வாங்கிய மாத்திரையை வாரக்கடைசியில் பகிர்ந்துகொள்வதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அந்த வகை வலி மாத்திரை பலதும் இந்த அபின் ஏற்பியில்தான் உட்காரும். மூச்சு விடவைக்கும் மூளைத்தண்டிலும் அதே ஏற்பி உண்டு. மதுவும் மூச்சை மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால், தூங்கியவன் எழுந்திருக்காமல் போகலாம். இதில் மட்டும் நான் கெஞ்சவில்லை, அப்பாவாகச் சொல்கிறேன். வேண்டாம்.

மற்றதற்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். ஒரு மாதம், எத்தனை மில்லி என்று எழுதி வை. எனக்குக் காட்ட வேண்டாம். ஏறியதா இல்லையா என்று பார்க்காதே, மில்லியை மட்டும் பார். எப்போதாவது காலையில் கை நடுங்கினால் என்னைப் போலத் தனியாக நிறுத்தப் பார்க்காதே. டாக்டரிடம் போ, இல்லை எனக்குப் போன் செய். நான் புனேவுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா? சென்னையிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் என்றால் விடிகாலையில் மன்னார்குடி வந்துவிடும். ஆட்டோ பேச வேண்டாம், நான் பைக்கில் வருகிறேன். பிளாஸ்கில் காபி கொண்டு வருவேன். டம்ளரை நிரப்பியே ஊற்றித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா