சோழிக் குதிரை

பாம்பன்,
மே 20

அன்பு மாப்ளே,

திருப்பூரில் வெயில் எப்படி? இங்கே மீன்பிடித் தடைக்காலம் பாதி தாண்டியாச்சு. ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் அப்படியே கிடக்கின்றன. கச்சான் காற்று பிடித்துவிட்டதால் தென்கடல் பொங்குகிறது. வடகடல் மட்டும் குளம் மாதிரி. வலை வேலை முடிந்தால் சாயங்காலம் செஸ் போர்டுதான். நம்ம பழைய போர்டேதான். தொலைந்துபோன கறுப்புக் குதிரைக்குப் பதில் நீ வைத்த சோழியும் அப்படியே இருக்கிறது.

நேற்று தெருப் பிள்ளைகளுக்கு 2022 மே மாதத்து பிரக்ஞானந்தா - கார்ல்சன் ஆட்டத்தை வைத்துக் காட்டினேன். ஞாபகம் இருக்கா? ஆன்லைனில் நடந்த ரேப்பிட், அதாவது வேக செஸ். ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதல். நம்ம பையன் பிரக்ஞானந்தாவுக்கு அப்போது 16 வயசு, வெள்ளைக் காய். ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் டிராவை நோக்கிப் போனது. 40-ஆவது நகர்வில் கார்ல்சன் குதிரையைத் தூக்கி சி3 கட்டத்தில் வைத்தார். அடுத்த நகர்வே நம்ம பையன் ஒரு செக் வைத்தான். அத்தோடு தீர்ந்தது கதை. அன்றைக்கு கார்ல்சன்தான் உலக சாம்பியன், பார்த்துக்கொள்!

நான் சோழியை சி3-இல் வைத்தபோது ஒரு பொடியன், “மாமா, சோழி எப்படித் தாவும்?” என்றான். நல்ல கேள்விதான்.

கார்ல்சன் செய்ததை எல்லாரும் அவசரத்தில் வந்த தப்பு என்கிறார்கள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. டிராதான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது, கண் அதற்கு முந்தியே போர்டை விட்டு எழுந்து போய்விட்டது. வெளிச்சவீடு தெரிந்ததும் அசந்துபோய்க் கடல் பாறைத்திட்டில் படகை ஏற்றினேனே, அதே கதை. பொங்கல் போட்டியில் என் யானையை நீ சும்மா தூக்கினதும் அப்படித்தான். அதை உன் சாமர்த்தியம் என்று இன்னும் சொல்லித் திரிகிறாயாமே!

அதே 2022 பிப்ரவரியில் பிரக்ஞானந்தா கறுப்பில் ஆடி 39 நகர்வில் கார்ல்சனை மடக்கினானே, எனக்கு ருசி அதுதான். பிள்ளைகளுக்கோ சோழி விழுந்த இடத்தையே திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். கார்ல்சனும் சும்மா விடவில்லை. 2023 ஆகஸ்டில் பாகு உலகக் கோப்பை இறுதியில், சமன் முறிக்கும் டைபிரேக் ரேப்பிட்டில் பிரக்ஞானந்தாவைக் கறுப்பில் ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுபோனார்.

தங்கச்சியையும் மருமகனையும் கேட்டதாகச் சொல். ஜூன் 14 வரை கரையில்தான் இருப்பேன். நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன். நேரில் வந்தால்தான், பார்சல் கிடையாது.

உன்
மாப்ளே