ஏழ்மை வேறு, வீழ்ச்சி வேறு: பழைய நண்பனுக்கு ஒரு கடிதம்

திருத்துறைப்பூண்டி,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற இடத்தை வசந்தா திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இங்கே குறுவை அறுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ரோட்டில் பாதியை நெல்லும் மீதியைத் தார்ப்பாயும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறான்.

உன் மருமகனோடு வேலை பார்த்த பையனைப் பற்றி எழுதியிருந்தாய். வேலை போனதிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, வீட்டுக்கடன் வேறு இருக்கிறது என்று. அதை எழுதிவிட்டு, ‘நாட்டுப் பொருளாதாரம் சரிந்தால் தற்கொலை கூடும், வளர்ந்தால் குறையும், இதில் யோசிக்க என்ன இருக்கு?’ என்று முடித்திருக்கிறாய். நீ கணக்கு வாத்தியார், ஸ்கேலை வைத்து நேர்கோடு போட்டுவிட்டாய். கூட்டுறவு சங்கத்தில் காலம் தள்ளின எனக்கு அந்தக் கோடு அவ்வளவு நேராகத் தெரியவில்லையடா.

உன் கோடு சரியென்றால் ஏழை மாநிலத்தில் எண்ணிக்கை அதிகமாக இருக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாடு முழுக்க 1,70,924 பேர். லட்சம் பேருக்கு 12.4. பீகாரில் அது வெறும் 0.6, நம் தமிழ்நாட்டில் 25.9, கேரளாவில் 28.5. பீகாரில் பல சாவுகள் கணக்கிலேயே ஏறாது என்று நீ சொல்வாய், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பதிவுக் கோளாறு ஒன்றை வைத்து மட்டும் அடைத்துவிட முடியாது. பிரான்சில் துர்கைம் என்ற சமூகவியல் அறிஞர் 1897-லேயே இதைக் கவனித்துவிட்டார். நெருக்கடியில் தற்கொலை கூடுகிறது, சரி, திடீர் செழிப்பிலும் கூடுகிறதே என்று கேட்டார். ஏழ்மை ஒரு வகையில் காவலாகக்கூட இருக்கிறது என்றார். இந்தக் கடைசிப் பேச்சைச் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்ல முடியும். அது கிடக்கட்டும். இல்லாமை ஒன்று, இருந்தது கைவிட்டுப் போவது வேறொன்று என்று அவர் பிரித்தது மட்டும் எனக்குச் சரியாகப் படுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் ஜப்பான். 1997 வரை வருஷத்துக்குச் சுமார் 24,000 பேர். ஆசிய நிதி நெருக்கடியில் வங்கிகள் கவிழ்ந்ததும் 1998-இல், ஒரே வருஷத்தில், 32,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஏற்றத்தில் நடுத்தர வயது ஆண்கள் நிறைய. சிறு தொழில் நடத்துகிறவர் கடன் வாங்கினால் சொந்தக்காரனும் சிநேகிதனும் ஜாமீன் கையெழுத்துப் போடுவது அப்போது அங்கே வழக்கம். தொழில் மூழ்கினால் தான் மட்டும் மூழ்குவதில்லை, கையெழுத்துப் போட்டவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவான். நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில் எண்ணிக்கை ஏறுவதால் அந்த மாதத்தையே தடுப்பு மாதமாக வைத்திருக்கிறார்கள். இங்கே மார்ச்சில் சங்கத்து வாசலில் நகைக்கடனைத் திருப்பிவைக்க நிற்கிற கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்குமே.

விஷயம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஜப்பானின் பொருளாதாரம் அப்புறம் ஒன்றும் பறந்துவிடவில்லை. ஆனாலும் 2012-இல் எண்ணிக்கை 30,000-க்குக் கீழே இறங்கியது, 2019-இல் 20,000 பக்கம் வந்துவிட்டது. 2006-இல் தற்கொலைத் தடுப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். வட்டிக்கடைச் சட்டத்தையும் அதே வருஷம் திருத்தினார்கள். வட்டிக்கு 20 சதவீத உச்சவரம்பு, ஒருவருடைய ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது. இறக்கத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் தற்கொலையைப் பற்றிப் பேசும்போது வட்டியைப் பற்றியும் பேச வேண்டும் என்று ஒரு அரசாங்கத்துக்குப் புத்தியில் பட்டதே, அது பெரிய சங்கதி.

பின்லாந்தைப் பார். 1990-களின் தொடக்கத்தில் சோவியத் வியாபாரம் போய், வங்கிகளும் ஆட்டம் கண்டு, 3 சதவீதமாக இருந்த வேலையின்மை சில வருஷத்தில் 16-ஐத் தாண்டியது. உன் கோட்டின்படி அங்கே எண்ணிக்கை கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: 1990-இல் உச்சத்தில் இருந்தது, அதன்பின் இறங்கத் தொடங்கியது. வேலை போனவனுக்கு உதவித்தொகை இருந்தது, நெருக்கடிக்கு முன்பே தொடங்கிய தடுப்புத் திட்டமும் இருந்தது. ஐரோப்பிய நாடுகளின் பல வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. வேலையின்மை ஒரு சதவீதம் ஏறினால் 65 வயதுக்குட்பட்டவர்களின் தற்கொலை 0.79 சதவீதம் ஏறுகிறது என்று சொன்னார்கள். வேலை இழந்தவர்களை மறுபடி வேலையில் சேர்க்க அரசு அதிகம் செலவழித்த நாடுகளில் இந்த ஒட்டுறவு தளர்ந்துபோகிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள். மேடையில் முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள், இரண்டாம் பாதியை யாரும் வாயில் எடுப்பதில்லை.

தென்கொரியா இதற்குத் தலைகீழ். அதே 1997 ஆசிய நெருக்கடிக்குப் பிறகு பணக்கார நாடாகவே ஆகிவிட்டது, ஆனால் வளர்ந்த நாடுகளில் தற்கொலை விகிதம் அங்கேதான் அதிகம். போதிய ஓய்வூதியம் இல்லாத வயதானவர்கள் அதில் ஏராளம். நாட்டுக் கணக்கில் வளர்ச்சி என்று எழுதியிருக்கும், கிழவர் கையில் ஒன்றும் இருக்காது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அதே 2022 கணக்கில் காரணம் என்ற பட்டியல் இருக்கிறது. குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4, கடன் 4.1. இதைப் படிக்கிறவன், கடனெல்லாம் பெரிய விஷயமில்லை போல என்றுதான் நினைப்பான். ஸ்டேஷனில் எழுதுகிறவர் ஒரு சாவுக்கு ஒரு காரணம்தான் போட முடியும். தோட்டை அடகு வைத்து, அது மூழ்கி, அதனால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்து, அதற்குமேல் அவன் குடித்து, அப்புறம் ஏதாவது ஆனால் அது ‘குடும்பப் பிரச்சினை’. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அறிவித்தார்களே, அப்போது டெல்டாவில் இறந்தவர்கள் பற்றி விவசாய சங்கங்கள் சொன்ன எண்ணிக்கைக்கும் அரசு சொன்னதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. சொந்தக் காரணம், உடம்பு சரியில்லை என்றார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. மனசு உடைகிறதற்கு ஒரே காரணம் என்று எப்போதும் இருப்பதில்லை. ஆனால் எந்தக் காரணம் முந்தி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வறட்சியில் சங்கத்துக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். குத்தகைச் சாகுபடி. சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் நிலத்துக்காரர் பேரில் இருப்பதால் பயிர்க்கடன் கிடையாது, வெளிவட்டிதான். பெண்டாட்டியின் ஜிமிக்கியை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து, மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கும்போது என் பக்கம் குனிந்து, “ஊர்ல யாருக்கும் தெரிய வேணாங்க சார்” என்றார். தொகை எவ்வளவு வரும் என்றுகூடக் கேட்கவில்லை. ரேஷன் அரிசி புண்ணியத்தில் வயிறு காய்ந்து சாகிற நிலைமை இப்போது நம்மூரில் இல்லை. மனுஷனைத் தூங்கவிடாதது தவணையும் தலைகுனிவும். அவர் நன்றாக இருக்கிறார், நேற்றுகூட நெல் குவியல் பக்கத்தில் பார்த்தேன். மச்சினன் பாதிக் கடனை ஏற்றுக்கொண்டான், நூறுநாள் வேலை கொஞ்சம் கைகொடுத்தது. ஆனால் 2021-இல் 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோது அவருக்கு ஒரு பைசா வரவில்லை. சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால்தானே தள்ளுபடி! வீழ்ச்சி யாருக்குப் பெரிசோ அவரைத் தாண்டித்தான் நம் நிவாரணம் போகிறது என்பது எனக்கு நீண்ட நாள் ஆற்றாமை.

இப்போது வெளிவட்டிக்காரர் இடத்துக்குக் குழுக்கடன் வந்துவிட்டது. வாரத் தவணை அன்று ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூல் பையன் திண்ணையை விட்டு நகர மாட்டான். அவனைவிட, பக்கத்து வீட்டுக்காரியே எதிரியாகிவிடுவதுதான் கொடுமை. கந்துவட்டிக்கு 2003-லேயே சட்டம் உண்டு. மிரட்டி வசூலித்தால் மூன்று வருஷம் வரை சிறை என்று 2025-இல் புதுச் சட்டமும் வந்திருக்கிறது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

பணம் கொடுத்தால் குறையுமா என்றும் கேட்டிருந்தாய். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலை சுமார் 18 சதவீதம் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். மழை குறைந்து விளைச்சல் படுத்த இடங்களில் அந்தப் பணம் இன்னும் நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது. அதே நேரம் பணம் மட்டுமே எல்லாம் இல்லை என்பதற்கு இலங்கை இருக்கிறது. 1995 வாக்கில் தற்கொலை விகிதத்தில் உலகிலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்று அது, உள்நாட்டுப் போர் நடக்கும்போதே விகிதம் இறங்கத் தொடங்கி, இருபது வருஷத்தில் எழுபது சதவீதம்போலக் குறைந்தது. கொடிய பூச்சிமருந்துகளைக் கடைகளிலிருந்து படிப்படியாக எடுத்ததுதான் அதில் பெரிய பங்கு. ஒரு மோசமான இரவைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகனை நேரில் போகச் சொல், வாட்ஸ்அப்பில் ‘ஆல் தி பெஸ்ட்’ போடுவதெல்லாம் வேலைக்கு ஆகாது. ‘சாகணும்னு தோணுதா’ என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று மனநல டாக்டர்கள் சொல்கிறார்கள். மனநல உதவிக்கென்று அரசு வைத்திருக்கிற 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104-உம் இருக்கிறது. அந்த நம்பர்களைச் சங்க வாசலில் எழுதிப்போடச் சொல்லி நானும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று, எந்த வங்கியில் எவ்வளவு தவணை என்று ஒரு தாளில் எழுதி வாங்கச் சொல். தவணை தவறுவதற்கு முன்னால் போனால் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம், தவறின பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். தாளை எனக்கும் அனுப்பு, என்ன எழுதிக் கேட்க வேண்டும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமு