ஏழு பெரிதா, நாலு பெரிதா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாக பாஸ்டன் போய்ச் சேர்ந்ததாக மாப்பிள்ளை செய்தி அனுப்பியிருந்தார். இரண்டு நாளாக வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சோபா இடுக்கில் பேரனின் காலுறை ஒன்று கிடைத்தது. அம்மா அதைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

தேங்க்ஸ்கிவிங் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நம் பேச்சு பாதியில் நின்றுபோனது. "தாத்தா, அமெரிக்கன் ஃபுட்பாலில் இதுவரைக்கும் வந்த குவாட்டர்பேக்கிலேயே யார் பெரியவர்?" என்று பேரன் கேட்டான், அணியை நடத்திப் பந்தை எறிகிறவர்களைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "டாம் பிரேடி ஏழு கோப்பை, ஜோ மான்டானா நாலு. கணக்கு முடிஞ்சுது." அவன் மஹோம்ஸ் என்று ஏதோ சொல்ல வந்தான். "மூணுதானே, சும்மா இருடா" என்று அவனையும் அடக்கிவிட்டாய். அப்புறம் அம்மா பாயசம் கொண்டுவந்தாள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்குக் கோபம் இல்லை பாப்பா. ஆனால் அந்தக் "கணக்கு முடிஞ்சுது" தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏழு கோப்பைதான் அளவு என்றால், பிரேடிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் ஏழு வாங்கிவிட்டார். ஓட்டோ கிரஹாம். கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அணிக்கு 1946 முதல் 1955 வரை பத்துப் பருவம் ஆடினார். பத்துப் பருவத்திலும் அவருடைய அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது, ஏழு முறை வென்றது. முதல் நான்கு வேறொரு லீகில் வந்தவை, சரி. ஆனாலும் பத்தில் ஏழு. பிரேடிக்கு இருபத்துமூன்று பருவத்தில் ஏழு. உன் கணக்குப்படி நீ அன்றைக்கு ஓட்டோ கிரஹாம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஏன் சொல்லவில்லை? நீ அவரைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்த ஆளுக்காகத்தான் மனுஷன் வாதாடுகிறான். கணக்கு என்பது அதற்குப் பிறகு தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிற சாட்சி.

கோப்பைக் கணக்கு எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு உன் ஆளே சாட்சி. 2002 பிப்ரவரி, நீ கல்லூரியில் முதல் வருஷம், பிரேடியின் பேட்ரியட்ஸ் அணி முதன்முதலாக சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டத்தை ஜெயித்த இரவு. விடுதியிலிருந்து போன் பண்ணினாய், பின்னால் ஒரே கூச்சல். அன்று பிரேடி எறிந்தது 145 யார்டு. கடைசி நொடியில் வினட்டியேரி 48 யார்டு தூரத்திலிருந்து உதைத்து ஜெயிக்க வைத்தார். இதையே 2018 பிப்ரவரியோடு ஒப்பிட்டுப் பார். பிலடெல்பியாவுக்கு எதிராக பிரேடி 505 யார்டு எறிந்தார். எதிரணிக் கோட்டுக்குள் பந்தைச் சேர்க்கிற டச்டவுன் மூன்று, ஒரு பந்தைக்கூட எதிராளி பிடிக்கவில்லை. ஆட்டம் 41-33 என்று போய்விட்டது. உன் கணக்கில் 145 யார்டுக்கு ஒரு கோப்பை, 505 யார்டுக்குச் சைபர். நீயே சொல், இரண்டில் எந்த நாள் அவர் பெரிய ஆட்டக்காரர்? நான் கேட்டால் தோற்ற நாள் என்றுதான் சொல்வேன்.

பேரனுக்கும் இதைச் சொல்லு. 2021 பிப்ரவரியில் பிரேடியின் டாம்பா பே அணியிடம் மஹோம்ஸ் 31-9 என்று தோற்ற ஆட்டத்தில், அவருக்குக் காவல் நிற்க வேண்டியவர்கள் பலர் காயத்தில் இல்லை. ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒருமுறை அப்படியே கிடையாகக் கீழே விழுந்துகொண்டே எறிந்த பந்து, டச்டவுன் கோட்டுக்குள் நின்று பந்தைப் பிடிக்க வேண்டியவரின் ஹெல்மெட் கம்பியில் போய் மோதியது. அவர் பிடிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'தவறிய பாஸ்'. அந்த மாதிரி ஒரு எறிதலை நான் நாற்பது வருஷத்தில் பார்த்ததில்லை. பையன் மஹோம்ஸ் என்று சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது. அவனைச் சும்மா இரு என்று சொல்லாதே.

சரி, மான்டானாவுக்கு வருகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1981 செப்டம்பரில். சான் மட்டேயோவில் ஒரே ஒரு அறை, பழைய கருப்பு வெள்ளை டிவி. வேலையிடத்தில் வயதில் மூத்த ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் காகிதத் துடைப்பானில் கோடு போட்டு எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு, அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதான் இல்லை என்று தெரிய எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. ஆனால் 1982 ஜனவரி 10 அன்று அந்தத் துடைப்பான் அறிவை வைத்துக்கொண்டே பார்த்தேன். கேண்டில்ஸ்டிக் பார்க்கில் டல்லஸ் கவ்பாய்ஸோடு ஆட்டம். மான்டானாவின் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் 27-21 என்று பின்தங்கி நிற்கிறது, ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் நேரம். மான்டானா வலது பக்கம் ஓடுகிறார், மூன்று தடியர்கள் துரத்துகிறார்கள், எல்லைக் கோடு நெருங்குகிறது. பின்னங்காலில் ஊன்றி எறிந்தார் பாரு. நான் பந்தை வெளியே வீசிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு உயரம். நம் அணியின் டுவைட் கிளார்க் எங்கிருந்தோ எழும்பி விரல் நுனியில் பிடித்தார். அந்த நேரம் மான்டானா தரையில் கிடந்தார். பிடித்ததை அவர் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

இந்த ஒரு பிடிதான் ஜெயிக்க வைத்தது என்று எல்லாரும் சொல்வார்கள். நியாயமாகச் சொன்னால் அதுவும் பாதிதான் உண்மை. இன்னும் 51 நொடி இருந்தது. டல்லஸ்காரர்கள் திருப்பி வந்து ஒரு பெரிய பாஸ் பிடித்துவிட்டார்கள். நம் அணியின் எரிக் ரைட் அதைப் பிடித்த ரிசீவரை ஒற்றைக் கையால் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தாமல் இருந்திருந்தால், கிளார்க்கின் பிடியை இன்று யாரும் பேசப்போவதில்லை. கோப்பை ஒருவன் சொத்து இல்லை என்று நான் சொல்வது மான்டானாவுக்கும் சேர்த்துத்தான்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது: அன்று அந்த மைதானத்தில் நாலு வயது டாம் பிரேடி அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். அதே சான் மட்டேயோ பையன். நாங்கள் குடியிருந்த ஊரிலேயே வளர்ந்து, மான்டானாவைப் பார்த்துப் பார்த்து ஆடக் கற்றவன். நீ கொண்டாடுகிற ஆள் எங்கள் தெருப்பக்கத்துப் பிள்ளை பாப்பா. அவன்மேல் எனக்கு என்ன விரோதம்?

நான் உன்னிடம் உண்மையில் சொல்ல விரும்புவது 1989 ஜனவரி 22. உனக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சல். என் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுது, அப்படியே தூங்கிப்போனாய். உன் உடம்புச் சூடு வேட்டியைத் தாண்டித் தெரிந்தது. மயாமியில் சின்சினாட்டி பெங்கால்ஸுடன் சூப்பர் பௌல். 16-13 என்று நாம் பின்னால். 3 நிமிடம் 10 நொடி பாக்கி. பந்து நம்முடைய 8 யார்டு கோட்டில். டச்டவுன் வேண்டுமென்றால் 92 யார்டு போக வேண்டும். அந்த நேரத்தில் மான்டானா கூட்டத்தைக் காட்டி, அதோ நடிகர் ஜான் கேண்டி என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னதை எல்லாரும் கதையாகச் சொல்வார்கள். அவருக்கு நெஞ்சே கிடையாது, பனிக்கட்டி என்பார்கள். நான் பார்த்தது அது இல்லை. நடுவில் ஒரு பாஸை வேண்டுமென்றே வெளியே எறிந்தார். கத்திக் கத்தி மூச்சு வாங்கி, தலை சுற்றிவிட்டது அவருக்கு. கண் இருட்டியதும் பந்தைத் தொலைத்துவிடாமல் யாருக்கும் எட்டாத இடத்தில் போட்டார். பயம் இல்லாதவன் செய்கிற காரியமா அது? தன் உடம்பு தன் சொல் கேட்கவில்லை என்று அந்த நொடியில் தெரிந்துகொண்டவன் செய்கிற காரியம்.

அடுத்து ஒரு அபராதம், பத்து யார்டு பின்னால். வாய்ப்பு தீராமல் இருக்க இனி இருபது யார்டு வேண்டும். ஜெர்ரி ரைஸுக்கு நடுவில் ஒரு பாஸ், 27 யார்டு. அப்புறம் ரோஜர் கிரெய்குக்கு ஒரு சின்னது. கடைசியில் பத்து யார்டு பாக்கி, 39 நொடி. அன்று ரைஸ் 215 யார்டு பிடித்திருந்தார், மைதானத்தில் எல்லார் கண்ணும் அவர்மேல். பந்து போனது ஜான் டெய்லருக்கு. அன்று முழுவதும் டெய்லர் பிடித்த ஒரே பந்து அதுதான். 20-16. எனக்குக் கத்த வேண்டும், எழுந்து குதிக்க வேண்டும். நீ மடியில். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. உன் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கணக்கு வேண்டுமென்றால் என்னிடமும் ஒன்று உண்டு. நாலு சூப்பர் பௌலில் 122 பாஸ் எறிந்து ஒன்றைக்கூட எதிராளி கையில் கொடுக்கவில்லை மான்டானா. ஆனால் அதைக் காட்டி உன் வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை. உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். மான்டானா சூப்பர் பௌலில் தோற்றதே இல்லை, பிரேடி மூன்று முறை தோற்றார் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் பெருமை பேசுவார்கள். அது தவறான வாதம். 1987 ஜனவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 49-3 என்று உதை வாங்கி மான்டானா பாதியிலேயே வீட்டுக்குப் போனது அந்தக் கணக்கில் வராது. இறுதிவரை போய்த் தோற்றவனைவிட வழியிலேயே தோற்றவன் மேல் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் காலத்தையும் பார்க்க வேண்டும். 1991 ஜனவரியில் ஜயண்ட்ஸின் லெனர்ட் மார்ஷல் பின்னாலிருந்து வந்து மான்டானாவை மோதிய மோதலை நேரலையில் பார்த்தவன் நான். கை எலும்பு முறிந்தது, விழுந்த இடத்தில் சுருண்டு கிடந்தார். அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டு பருவம் ஆடவில்லை. 2008-ல் பிரேடியின் முழங்கால் போனபோது, கீழே கிடக்கிற ஆட்டக்காரன் குவாட்டர்பேக்கின் காலில் பாயக் கூடாது என்று அடுத்த வருஷமே விதியை இறுக்கினார்கள். நல்லதுதான் செய்தார்கள். பிரேடி 45 வயது வரை ஆடினார், மான்டானா 38-ல் நிறுத்திவிட்டார். அதற்கும் முன்னால் ஜானி யூனிடாஸ் என்ற பழைய குவாட்டர்பேக்கின் காலத்தில் ரிசீவரை வழி நெடுக இடித்துத் தள்ளலாம். அதைத் தடுத்த விதியே 1978-ல்தான் வந்தது. தானே ஆட்டத்தை வகுத்து, தானே எறிந்து, அடியும் வாங்கிய யூனிடாஸுக்கு வயதான காலத்தில் அந்த வலது கை விரல்கள் சரியாக வேலை செய்யவில்லை. அவரை இன்றைய விதியில் ஆடவிட்டால் என்ன ஆகியிருக்கும்? என்னால் சொல்ல முடியாது, உன்னாலும் முடியாது.

இதையெல்லாம் எழுதிவிட்டு நேற்று ராத்திரி படுத்தபோது ஒன்று உறைத்தது. பார்த்தவன்தான் பேசலாம் என்று உனக்குச் சொல்கிறேனே, 2017 பிப்ரவரி சூப்பர் பௌலை நான் பார்க்கவில்லை. மூன்றாம் பகுதியில் பிரேடியின் அணிக்கு எதிராக அட்லாண்டா 28-3 என்று முன்னால் போனதும் டிவியை அணைத்துவிட்டு நடக்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது நீ போனில். நீ கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது. 34-28 என்று அம்மா சொன்னாள். அப்புறம் முக்கியமான துண்டுகளைப் பார்த்தேனே தவிர, உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. உன் வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டம் அது என்று நீ பலமுறை சொல்லியும் பார்க்கவில்லை. அது என் தப்பு.

பிப்ரவரியில் நாங்கள் அங்கே வருகிறோமே, முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்தைப் போடு. 28-3-லிருந்து வேண்டாம், முதல் உதையிலிருந்து போடு. நான் எழுந்து போக மாட்டேன். மறுநாள் என் முறை. 1989 ஆட்டம் முழுவதும், நீ தூங்காமல் பார்க்க வேண்டும். பேரனை நடுவில் உட்கார வைப்போம். அவன் மஹோம்ஸ் ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைக்கட்டும்.

அம்மா முறுக்கு சுற்றிக்கொண்டு வருவதாகச் சொல்கிறாள். அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று எழுது. காலுறையைக் கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அப்பா