ஊறுகாய் பார்சலோடு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இதில் நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் இருக்கிறது. போன தடவை பாதிக்கு மேல் உன் சிநேகிதன்தான் தின்று தீர்த்தான் என்று சிரித்தாயே, அதனால்தான் இரண்டு.

ஆனால் ஆவணியிலிருந்து போனில் அவன் பேச்சே இல்லை. மைனி மகன் கல்யாணம், உன் ஆபீஸ் எல்லாம் சொல்கிறாய், அவனை மட்டும் விட்டுவிடுகிறாய். சண்டையா? நான் கேட்டால் ஒண்ணுமில்லம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

2021-ல் பெண்களுக்கு இலவசம் வந்ததிலிருந்து நீ பெசன்ட் நகர் போக 29சி-யில் இலவச பஸ் வரும் வரைக்கும் நிற்பாய். டீலக்ஸ் பஸ் காலியாக வந்தாலும் ஏறாமல் அவனும் கூடவே நிற்கிறான், லூசு என்று நீதான் சொன்னாய். அவனுக்கு எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் டிக்கெட்தானே பாப்பா. எதற்கு நிற்கிறான் என்று நான் இங்கே அரிசி புடைக்கிறபோது யோசித்தேன். நீ யோசித்தாயா?

அப்பா கண் ஆபரேஷனுக்கு நீ பணம் அனுப்பினதைத் தெரு முழுக்கச் சொன்னேன், அவ்வளவு பெருமை எனக்கு. ஆனாலும் எல்லாம் சொல்கிற பிள்ளை இதை மட்டும் என்னிடம் ஒளிக்கிறாயே.

நான்தான் காரணமோ என்னமோ. ப்ளஸ் டூவில் உன் கெமிஸ்ட்ரி ரெக்கார்டைத் திருப்பித் தர ஒரு பையன் வந்தான். நீ உள்ளேதான் இருந்தாய். இல்லை என்று சொல்லி, இனி இந்தப் பக்கம் வராதே என்றும் சொல்லி அனுப்பினேன். நோட்டைச் சித்தி மகள் கொடுத்தாள் என்று உன்னிடம் பொய் சொன்னேன். அவன் ஏன் பேசுவதில்லை என்று தெரியாமல் நீ இரண்டு நாள் அழுதாய், நான் தலைவலியா என்று கேட்டுத் தைலம் தேய்த்துவிட்டேன். தெரிந்தேதான் தேய்த்தேன். அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

சரி, பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடு. இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், காலை எட்டு மணிக்கே போனோடு உட்கார். தாமிரபரணியில் குளிக்க அவனுக்கு ஆசை என்று முன்னால் சொன்னாய். அவனுக்கும் சேர்த்துப் போடுவதென்றால் போடு, அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு பாட்டிலை அவனிடம் கொடுத்துவிடு. ராத்திரிச் சாப்பாட்டை விடாதே.

அம்மா