டின்னை எடுத்துக்கொண்டு போன மக்சிக்குக்கும் மற்ற எல்லாருக்கும்

நீங்கள் எல்லாரும் சேர்ந்து தேடிக்கொடுத்த அத்தை ஞாயிற்றுக்கிழமை வந்தார். பலர் இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரனின் கையைப் பிடித்தபடி மின்தூக்கியிலிருந்து இறங்கி, தாழ்வாரத்தில் மெதுவாக நடந்து வந்தார். அப்பா காலை எட்டு மணியிலிருந்தே சக்கர நாற்காலியை இரும்புக் கதவுக்கு அருகில் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். அத்தை உள்ளே வந்ததும் அப்பாவின் தலையைத் தடவி, "முடியெல்லாம் எங்கடா போச்சு?" என்றார். 54 வருஷம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். நாங்கள் அடுப்படிக்குப் போய்விட்டோம்.

அப்பா நோயில் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தது, அந்த வாரங்கள் எப்படிப் போயின என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. வாய் குழறிய அந்த நேரத்திலும் அவர் விடாமல் சொன்ன அத்தையின் பெயரை வைத்துக்கொண்டுதான், தேடித்தரும்படி உங்களிடம் உதவி கேட்டேன். இத்தனை பேர் முன்வருவீர்கள் என்று நினைக்கவில்லை.

அத்தை எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். என் தாத்தாவும் அவருடைய அப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. இருவருக்கும் இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் நேவல் பேஸில், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது எட்டு வயது மூத்தவரான இந்த அக்காதான். 1968 டிசம்பரில் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. 1971 அக்டோபருக்குள் பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதியும் கிளம்பிவிட்டது. குடியுரிமை வாங்கியிருந்த தாத்தாவுக்கு வேலை நிலைத்தது. வாங்காத அத்தையின் அப்பா ரஜூலா கப்பலில் ஊர் திரும்பினார், மன்னார்குடிப் பக்கம். கட்டிக்கொடுத்த மகள் மட்டும் இங்கேயே இருந்தார். அண்ணனைக் கப்பலேற்றிவிடத் தாத்தா போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்க இன்று ஆளில்லை. அன்றோடு விட்டுப்போன உறவு இது.

தேடும்போது ஒன்று புரிந்தது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்கள். என் தாத்தா பெயரே மூன்று தாள்களில் மூன்று விதமாக இருக்கிறது. ஆனால் இங்கே பெண்களின் அடையாள அட்டையில் கல்யாணத்துக்குப் பிறகும் 'டி/ஓ' (இன்னாரின் மகள்) என்று போட்டு அப்பா பெயர்தான் நிற்கும். அத்தையைக் கணவர் பெயரை வைத்துத் தேடாமல் அவருடைய அப்பா பெயரை வைத்துத் தேடச் சொன்ன ஆசிரியருக்கு முதல் நன்றி. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடியில், இங்கே வெளிவரும் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைப் பார்க்க எனக்குப் பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொடுத்த இளம்பெண்ணுக்கு அடுத்து. மாமா இறந்தபோது வந்த கண்ணீர் அஞ்சலி விளம்பரம் அங்கேதான் கிடைத்தது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் போட்டிருந்த அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்து அங்கேயே அழுதுவிட்டேன். அப்புறம், அந்தப் பெயர்களில் ஒன்றை அடையாளம் கண்டு "இவர்கள் ஈசூனில் இருந்தார்களே" என்று சொன்ன ஓய்வுபெற்ற பட்டறைக்காரர்கள், கோயில்களில் விசாரித்தவர்கள், மன்னார்குடியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டவர், அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த மாடிக்காரர்கள். எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஈசூன் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நாங்களும் ஈசூன்தானே! அத்தை 2005 வரை இருந்த புளோக், அதாவது அடுக்குமாடிக் கட்டடம், எங்கள் வீட்டிலிருந்து நாலு பேருந்து நிறுத்தம். இரண்டு வீட்டுக்கும் சோங் பாங் சந்தையில்தான் காய்கறி. கென்பரா ரோட்டில் மரத்தடியில் இருந்த முருகன் கோயில் 1996இல் ஈசூனுக்கு வந்த பிறகு, பங்குனி உத்திரத்துக்கு இரண்டு குடும்பமும் அங்கே போயிருக்கிறது. பால்குட வரிசையில் முன்னும் பின்னுமாகக்கூட நின்றிருப்போம்.

அந்தப் புளோக்குக்குப் போனேன். அத்தை இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ. அதே தாழ்வாரத்தில் மூன்றாவது கதவைத் திறந்த மலாய்க்கார அம்மாதான் மக்சிக். மலாயில் வயதான பெண்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வயது எழுபதுக்கு மேல். கடற்கரையோரம் இருந்த கம்போங் வாக் ஹசானில் பிறந்தவர், அவருடைய அப்பாவும் நேவல் பேஸ்காரர். நான் மலாயில் தடுமாறியதும், "தமிழ்ல பேசு, கொஞ்சம் புரியும்" என்றார்.

அத்தையின் தொலைபேசி எண் அவரிடம் இருந்தது. ஆனால் தரவில்லை. "நான் முதலில் கேட்கிறேன். அவளுக்கும் மனசு வரணும்" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அப்பா இருந்த நிலையில் ஒரு நாள் தள்ளிப்போவதே எனக்கு மலையாக இருந்தது. பேருந்தில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த எண் வேலை செய்யவில்லை என்று அன்றிரவு மக்சிக் கூப்பிட்டுச் சொன்னார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் அவர் செய்ததை அத்தையின் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை வீடு மாறுவதற்கு முந்தைய தீபாவளிக்கு மக்சிக் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின் நிறைய முறுக்கு போயிருக்கிறது. டின்னைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீடுகளிலும் உண்டு, அவர்கள் வீடுகளிலும் உண்டு. அதில் ஏதாவது போட்டுக் கொடுப்பதற்குள் அத்தை குடும்பம் புக்கிட் பாத்தோக்குக்குப் போய்விட்டது. அந்த டின்னை மக்சிக் இருபது வருஷமாக வைத்திருந்தார். அன்று காலையில் எழுந்து அன்னாசித் தார்ட் செய்து அதை நிரப்பி, பழைய வாழ்த்து அட்டையில் இருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு, மூட்டு வலியோடு எம்ஆர்டி ரயில் ஏறிப் போயிருக்கிறார். கதவைத் திறந்த அத்தையிடம் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் டின்னைக் கொடுக்க வந்தேன்" என்றிருக்கிறார்.

இதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அந்த எண் வேலை செய்து, அதை என்னிடம் கொடுத்தும் இருந்தால் நான் பதறிப்போய்க் கூப்பிட்டிருப்பேன். தாத்தா பெயரைச் சொன்னதுமே அத்தை தொலைபேசியை வைத்திருப்பார். அவரே ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சொன்னார். மக்சிக் தன் சொந்த வேலையாகப் போனதுபோல் போய், தேநீர் குடித்து, முட்டிவலி மருந்து பற்றிப் பேசி, பிறகுதான் மெதுவாக எங்கள் பேச்சை எடுத்திருக்கிறார். அதன்பிறகு இரண்டு மணி நேரம் அத்தை தன் அப்பாவைப் பற்றிப் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். துறைமுகத்தில் அவர் கடைசிவரை தம்பியைத் தேடிக்கொண்டு நின்றது, கப்பல் நகர்ந்தது எல்லாம். அந்த வருத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டியவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள். எங்களுக்குப் பதிலாக அந்த அம்மா கேட்டார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு மக்சிக் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போலே." வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவரையும் கூப்பிட்டோம். "அன்றைக்கு உங்கள் ரத்த சொந்தம் மட்டும் இருக்கட்டும், நான் அப்புறம் வருகிறேன்" என்று மறுத்துவிட்டார்.

தாத்தா செய்ததற்கு அத்தையிடம் அப்பா மன்னிப்புக் கேட்டார். வாய் சரியாக வராததால் அந்த ஒரு வரிக்கு வெகுநேரம் ஆனது. அத்தை குறுக்கே பேசாமல் காத்திருந்து, முடித்ததும் தன் கையாலேயே அவருக்கு ரசம் சாதம் ஊட்டினார். அப்புறம் இருவரும் குவார்ட்டர்ஸ் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், எந்த வீட்டில் யார், எந்த ஊர், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று. என் மகள் அதைப் பதிவு செய்தாள். இனி மாதத்தில் ஒரு ஞாயிறு அத்தையோடுதான். அவர் வாயில் வரும் பெயர்களை அவர் உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதிவைக்கப்போகிறேன். தாத்தா உயிரோடு இருந்தபோது நான் எதுவுமே கேட்கவில்லை, அது மனதை அறுக்கிறது. மன்னார்குடிக்கும் போவேன். அத்தையின் அப்பா திரும்பிப் போய்த் தங்கிய வீட்டைப் பார்க்க வேண்டும்.

அத்தை வரும்போது அந்த டின்னையும் கொண்டுவந்திருந்தார், இந்தத் தடவை அதிரசத்தோடு. அதிரசம் தீர்ந்துவிட்டது. டின்னைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மக்சிக் வீட்டுக்கு எடுத்துப்போகிறோம். அப்பாவும் வருவாராம். சக்கர நாற்காலியோடு ஏற எந்தப் பேருந்து வசதி என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.